303 ரைபிளும் மான் வேட்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் பிறந்துவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, பழைய ராணுவ ரைபிள் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா?" ஒன்டாரியோவில் மான் வேட்டைக்குப் போகும் தமிழர்கள் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஆகவே என்னிடம் கேட்கப்பட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். என்னிடம் இருப்பது 1943-இல் லாங் பிராஞ்சில் செய்யப்பட்ட லீ என்ஃபீல்ட் நம்பர் 4. சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த இனத்தைப் பற்றித்தான்.

லீ என்ஃபீல்ட் என்பது நம் ஊர்ப் போலீஸ்காரர் தோளில் இருந்த 303-தானே?

அதேதான். குழல் அளவு .303 அங்குலம் என்பதால் 'த்ரீ நாட் த்ரீ' என்று நம் ஊரில் அழைக்கப்பட்டது இந்தக் குடும்பம். பெயரின் முதல் பாதி ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவருடையது. ஸ்காட்லாந்தில் பிறந்து, சிறு வயதிலேயே ஒன்டாரியோவின் கால்ட் என்ற ஊருக்கு வந்து வளர்ந்தவர். அந்த ஊர் இன்று கேம்பிரிட்ஜ் நகரத்தின் ஒரு பகுதி. மறுபாதி லண்டனுக்கு அருகே அரசு ஆயுதத் தொழிற்சாலை இருந்த என்ஃபீல்ட் என்ற இடத்தின் பெயர்.

முதல் உலகப் போரில் முக்கியமாகப் பயன்பட்டது நம்பர் 1 மார்க் 3. இரண்டாம் உலகப் போருக்காகப் பெருமளவில் செய்யப்பட்டது நம்பர் 4. இரண்டிலும் பத்துத் தோட்டா பிடிக்கும் மேகசின் உண்டு. கனடாவில் உங்கள் கண்ணில் அதிகம் படப்போவது நம்பர் 4-தான். டொராண்டோவுக்கு மேற்கே ஏரிக்கரையில் இருந்த லாங் பிராஞ்ச் தொழிற்சாலை 1941 முதல் ஏறத்தாழ ஒன்பது லட்சம் ரைபிள்களைச் செய்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். அதன் சோதனைக் கட்டடம் மட்டும் மிஸ்ஸிசாகாவில் இன்னும் நிற்கிறது. இப்போது அது கலை நிகழ்ச்சிகள் நடக்கும் கூடம். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டணம் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் நானும் முதலில் போனேன். அன்று உள்ளே யாரோ ஓவியக் கண்காட்சி வைத்திருந்தார்கள்.

போர்த் துப்பாக்கி எப்படி வேட்டைக்காரர் கைக்கு வந்தது?

போர் முடிந்ததும் அரசுகளிடம் லட்சக்கணக்கான ரைபிள்கள் வேலையில்லாமல் கிடந்தன. அவற்றை மொத்த வியாபாரிகள் எடை போட்டு வாங்காத குறையாக வாங்கினார்கள். 1950-களிலும் 60-களிலும் வட அமெரிக்காவில் ஒரு 303-ஐச் சில பத்து டாலருக்கு வாங்க முடிந்தது. புதிதாக ஒரு வேட்டை ரைபிள் வாங்கப் பல வாரச் சம்பளம் தேவைப்பட்ட விவசாயிக்கும் மரம் வெட்டும் தொழிலாளிக்கும் அது பெரிய வரம். முன்பக்க மரத்தை ரம்பத்தால் அறுத்து, பயோனெட் என்ற துப்பாக்கி முனைக் கத்தி மாட்டும் இடத்தை நீக்கி, எடையைக் குறைத்துக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். கனடாவின் பல குடும்பங்களில் பாட்டன் அடித்த முதல் மூஸ் மானுக்குப் பின்னால் இப்படி அறுபட்ட ஒரு 303 இருக்கும்.

நியூசிலாந்தின் கதை இன்னும் சுவையானது. ஆங்கிலேயர் விளையாட்டுக்காகக் கொண்டுபோய் விட்ட செம்மான்கள் அங்கே எதிரி விலங்கு இல்லாமல் பெருகி, மலைச்சரிவுக் காடுகளை மொட்டையடித்தன. 1930-இல் மான்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை எடுத்துவிட்டார்கள். பிறகு அரசே சம்பளம் கொடுத்து மான் கொல்லிகளை அமர்த்தியது. அவர்கள் மாதக்கணக்கில் மலையில் தங்கிச் சுட்டது பெரும்பாலும் இதே 303-ஆல்தான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ராணுவத் தோட்டாவைப் பொதுமக்கள் வைத்திருக்கக் கட்டுப்பாடு வந்தபோது, அங்குள்ளவர்கள் அசரவில்லை. 303 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கிக் கால் அங்குலக் குண்டைச் செருகி '303/25' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டார்கள்.

இன்றும் மலிவா?

இல்லை. கை வைக்கப்படாத நம்பர் 4 ஒன்றின் விலைக்கு, தொலைநோக்கியோடு ஒரு புது வேட்டை ரைபிளே கிடைத்துவிடும். பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர் புதியதை வாங்கட்டும். பழையதை வாங்குகிறவருக்கு அதன் மேல் ஆசை இருக்க வேண்டும். அதுதான் உண்மையான காரணம் என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

மானை வீழ்த்த 303 போதுமா? மூஸ், கரடி?

போதும். 180 கிரெயின் (ஏறத்தாழ 11.7 கிராம்) எடையுள்ள, முனை விரியும் வேட்டைக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,460 அடி வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. வெண்வால் மானுக்கு இது தாராளம். கருங்கரடிக்கும் போதும். மூஸ் பெரிய உடம்புக்காரன். ஆனாலும் நூறு வருடமாக இந்தத் தோட்டாவுக்கு விழுந்துகொண்டுதான் இருக்கிறான்.

தோட்டாவின் பலத்தில் சந்தேகம் வேண்டாம். தூரத்தில்தான் கவனம் வேண்டும். 100 கஜத்தில் நேராக அடிக்கும்படி குறி சரிசெய்த ரைபிளில், 200 கஜத்தில் குண்டு ஏறத்தாழ 4 அங்குலம் இறங்கிவிடும். 300 கஜத்தில் ஒரு அடிக்கும் மேல். ராணுவக் குறியோடு, தொலைநோக்கி இல்லாமல், அந்தி வெளிச்சத்தில், குளிரில் நடுங்கும் கையோடு சுடும்போது என்னுடைய எல்லை 120 கஜம். உங்களுடையது எவ்வளவு என்று சுடுதளத்தில் ஒரு காகிதத் தட்டு சொல்லும். உட்கார்ந்தபடியும் நின்றபடியும் ஐந்து முறை சுட்டு, ஐந்தும் எட்டு அங்குலத் தட்டுக்குள் விழுகிற தூரம் எதுவோ அதுதான் உங்கள் தூரம். போர்வீரன் 600 கஜத்தில் ஒரு அகழியை நோக்கிச் சுட்டான். யார் மீதாவது பட்டால் அவனுக்குப் போதும், காயம் என்றாலும் போதும். நமக்கு அப்படி இல்லை. தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னே, நுரையீரலும் இதயமும் இருக்கும் இடத்தில் ஒரே குண்டு. அதற்கு வழியில்லாவிட்டால் விசையில் விரலே போகக்கூடாது.

ராணுவத் தோட்டாவும் மலிவாகக் கிடைக்கிறதே, அதையே போட்டால் என்ன?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் கோபமாகவே பதில் சொல்வது வழக்கம். வேண்டாம்.

ராணுவக் குண்டு முழுக்கச் செம்புக் கலவை உறை போர்த்தியது. உடம்புக்குள் போனாலும் விரியாது. ஊசி போல் துளைத்து மறுபக்கம் போய்விடும். மான் ஓடிவிடும், மூன்று கிலோமீட்டர் தள்ளி, இரவில், ஓநாய்க்கு இரையாக விழும். கனடாவின் பல மாகாணங்களிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் பெரிய விலங்கு வேட்டைக்கு இந்தக் குண்டைச் சட்டமே தடுக்கிறது. இங்கிலாந்தில் மானைச் சுட முனை விரியும் குண்டுதான் கட்டாயம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முனை விரியும் குண்டை ராணுவத்துக்காக முதலில் செய்து பெயர் வாங்கிய இடம் கல்கத்தாவுக்கு அருகே இருந்த டம்டம் ஆயுதச்சாலை. இன்றைய கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் அதே டம்டம். 303-இன் மூடிய முனை எதிரியை நிறுத்தவில்லை என்ற புகாரால் 1890-களில் அங்கே முனை உரித்த குண்டைச் செய்தார்கள். இது கொடுமை என்று மற்ற நாடுகள் எதிர்க்க, 1899-இல் ஹேக் நகரில் கூடிப் போரில் விரியும் குண்டுக்குத் தடை விதித்தார்கள். மனிதனைச் சுடக் கூடாது என்று தடுக்கப்பட்ட குண்டைத்தான் மானைச் சுடுவதற்குக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் இரண்டுமே சரிதான்: மான் வேகமாகச் சாக வேண்டும்.

1910-இல் வந்த மார்க் 7 குண்டின் முனைக்குள் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியமோ மரக்கூழோ வைத்திருப்பார்கள். அதனால் பின்பாரம் கூடி உடம்புக்குள் புரளும். "அப்படியானால் அது போதுமே" என்று வாதாடுபவர்கள் உண்டு. எங்கே புரளும், எப்போது புரளும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்தத் தோட்டாவைச் சுடுதளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் எழுத்துகளைப் பாருங்கள். 'டி.பி.' என்று பொறித்திருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கிய துப்பாக்கி. தோட்டா அறையிலோ குழலிலோ ஓட்டை போட்டிருக்கக்கூடும். எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதில் சுடக்கூடாது.

பிறகு போல்ட், அதாவது தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு. அதில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லாவிட்டால் கட்டாயம் ஓடாது என்று அர்த்தமில்லை. பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் சுடக்கூடாது என்று அர்த்தம். போல்ட் மூடியபின் தோட்டாவின் அடிப்புறத்துக்கும் போல்ட் முகத்துக்கும் இடையே உள்ள இடைவெளி அளவுக்கு மேல் போனால் தோட்டா கிழிந்து, வாயு உங்கள் முகத்தை நோக்கி வரும். இதை அளக்கத் தனி அளவுக்கட்டைகள் இருக்கின்றன. நம்பர் 4-இல் போல்ட் தலை 0 முதல் 3 வரை எண் போட்டு வரும். எண் கூடக் கூட நீளம் கூடும். தலையை மாற்றியே இடைவெளியைச் சரிசெய்யலாம். ராணுவப் பட்டறையிலும் இப்படித்தான் செய்தார்கள்.

லாங் பிராஞ்ச் ரைபிள்களில் பெரும்பாலானவை மார்க் 1 நட்சத்திரம் என்ற வகை. இவற்றில் போல்ட்டைக் கழற்றத் தனிப் பொத்தான் கிடையாது. போல்ட் ஓடும் தடத்தில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டின் ஓரம் காலப்போக்கில் சில்லு சில்லாக உடையும். உடைந்திருந்தால் வேகமாகப் போல்ட் இழுக்கும்போது தலை தடத்தை விட்டு எகிறிவிடும். வாங்குமுன் விரலால் தடவிப் பாருங்கள். என்னுடையதில் ஓர் ஓரம் லேசாகத் தேய்ந்திருப்பதை மூன்றாவது வருடம்தான் கண்டேன். விற்றவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

கடைசியாகக் குழல். உள்ளே சுருள் வரிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். குழலின் வாய்ப்பக்கம் முக்கியம். வீரர்கள் கயிறு கட்டிய துணியை இழுத்தே சுத்தம் செய்தார்கள். கயிறு ஒரே பக்கம் உரசி வாயை ஓவல் வடிவமாக்கியிருந்தால் குறி தவறும். ஒரு தோட்டாவைத் தலைகீழாகக் குழல் வாயில் செருகிப் பார்ப்பது பழைய வழக்கம். உறை தொடும் வரை குழல் குண்டை முழுங்கிவிட்டால் வாங்க வேண்டாம். இது தோராயமான சோதனைதான். அதற்குத் தோட்டாவைக் கொண்டு போகாமல், வெறும் குண்டை மட்டும் கொண்டு போங்கள். கடைக்காரரும் நிம்மதியாக இருப்பார்.

நூறு கஜத்தில் குண்டு மேலே மேலே போகிறது. என் கையில் கோளாறா?

கையில் இல்லை, குறியில். நம்பர் 4-இல் பலவற்றுக்கு மடக்குக் குறிதான்: ஒரு துளை 300 கஜத்துக்கு, இன்னொன்று 600-க்கு. 300-க்கு அமைத்த துளை வழியாக 100 கஜத்தில் பார்த்துச் சுட்டால் ஏறத்தாழ ஐந்து அங்குலம் மேலே அடிக்கும். மானின் நெஞ்சைக் குறிவைத்தால் முதுகெலும்புக்கு மேல் மயிரைச் சீவிவிட்டுப் போகும். முன்குறியில் சற்று உயரமான தகட்டை மாற்றிப் போடுங்கள். குண்டு இறங்கும். அல்லது 200 கஜத்திலிருந்து தொடங்கும் திருகுவகைப் பின்குறியைத் தேடுங்கள். ஸ்வீடனின் மாஸர் ரைபிளுக்கும் இதே நோய்தான், அதன் பின்குறி 300 மீட்டரிலிருந்துதான் தொடங்கும். அங்கே மூஸ் வேட்டைக்காரர்கள் உயரமான முன்குறியைத்தான் மாட்டிக்கொண்டார்கள்.

தொலைநோக்கி மாட்டலாமா? மரத்தை அறுத்து எடையைக் குறைக்கலாமா?

உடலில் துளையிடாமல் மாட்டும் தாங்கிகள் விற்கின்றன. அவற்றைப் போடுங்கள், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். வெற்று உலோகத்தில் துளை போட்டால் திரும்ப அடைக்க முடியாது.

மரத்தை அறுப்பது பற்றி: 1955-இல் அறுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அது இருபது டாலர் இரும்பு. இன்று முழு உருவில் மிஞ்சியிருப்பதை அறுப்பவரோடு நான் பேசுவதில்லை. ஏற்கெனவே யாரோ அறுத்த ரைபிள்கள் பாதி விலைக்குக் கிடக்கின்றன. வேட்டைக்கு அதை வாங்குங்கள். எடையும் குறைவு, மனசாட்சியும் சுத்தம். குழலை அறுக்கும் யோசனை வந்தால் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். கனடாவில் அறுத்த குழல் 457 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்த நிமிடமே அது தடைசெய்யப்பட்ட ஆயுதம்.

ஜங்கிள் கார்பைன் என்று ஒன்று குட்டையாக, அழகாக இருக்கிறதே?

அழகுதான். நம்பர் 5 என்ற அந்த வகை 1944-இல் வந்தது. எடை ஏறத்தாழ ஒரு கிலோ குறைவு. பதிலுக்குத் தோளில் குதிரை உதைக்கும். பின்னால் ஒட்டியிருக்கும் குறுகிய ரப்பர், வயதாகிக் கல்லாகியிருக்கும். குறி நிலையாக நிற்பதில்லை என்ற புகார் ராணுவக் காலத்திலேயே உண்டு. போலிகளும் அதிகம், நம்பர் 4-ஐ அறுத்து, புனல் போன்ற முனையை மாட்டி விற்றிருக்கிறார்கள். எடை குறைக்கக் குழலின் அடிப்பகுதியில் சுரண்டிய பள்ளங்கள் இல்லாவிட்டால் அது போலி.

ராஸ் ரைபிளை வாங்கலாமா? கனடாவின் சொந்தத் தயாரிப்பாமே?

ஆமாம், கியூபெக் நகரில் செய்தது. முதல் உலகப் போரில் சேற்றில் சிக்கிக்கொண்டு, வீரர்களே அதை எறிந்துவிட்டு இறந்த பிரிட்டிஷ் வீரரின் லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். 1916-இல் ராணுவம் கைவிட்டது. சேறில்லாத இடத்தில் மிகத் துல்லியமானது என்பதால் குறிசுடுவோரும் வேட்டைக்காரரும் விரும்பினார்கள்.

மார்க் 3 வகையில் ஒரு கொடிய குறை உண்டு. போல்ட்டைக் கழற்றித் தவறாகப் பூட்டினால், பூட்டியது போலவே தோன்றும், உண்மையில் பூட்டியிருக்காது. சுட்டால் போல்ட் பின்னால் பாய்ந்து உங்கள் முகத்துக்கு வரும். பிற்காலத்தில் பலர் ஓர் ஆணி அடித்து இதைத் தடுத்தார்கள். தெரிந்தவர் ஒருவர் கண்முன் சரிபார்க்காமல் ராஸில் ஒரு தோட்டாவும் போட வேண்டாம்.

பழைய தோட்டாக்களைச் சுட்டால் குழல் துருப்பிடிக்கும் என்கிறார்களே?

உண்மை. பழைய ராணுவத் தோட்டாவின் கேப்பில் (தோட்டாவின் அடியில் ஊசி தட்டியதும் தீப்பற்றும் சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்தபின் குழலில் ஒருவகை உப்பு தங்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்து ஓர் இரவிலேயே துருவைத் தொடங்கிவிடும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. கொதிக்கும் தண்ணீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்றுங்கள், துணியால் உலர்த்துங்கள், பிறகு எண்ணெய். பிரிட்டிஷ் ராணுவமும் இதைத்தான் செய்தது. சமையலறைக் கெட்டிலைப் பயன்படுத்தினால் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: விசையை அழுத்தியதும் 'டிக்' என்று மட்டும் கேட்டால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். பழைய வெடிமருந்து தாமதித்து வெடிக்கும். குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள்.

கடும் குளிரில் இது வேலை செய்யுமா?

கனடாவின் வடகோடியில் இதற்கு இருக்கும் சான்றிதழ் வேறெந்த ரைபிளுக்கும் இல்லை. 1947-இல் தொடங்கிய கனேடியன் ரேஞ்சர்ஸ் படையில் பலர் வடதுருவப் பகுதிப் பழங்குடியினரான இனுயிட் வேட்டைக்காரர்கள். அவர்களுக்கு அரசு கொடுத்தது நம்பர் 4. ரோந்தில் பனிக்கரடியிடமிருந்து தற்காப்புக்கும், வீட்டுக்குக் கறி கொண்டுவரவும் அதே ரைபிள். 2018 வாக்கில்தான் சிவப்பு மரக்கட்டை வைத்த புதிய சி-19 ரைபிளைக் கொடுக்கத் தொடங்கினார்கள். எழுபது வருடம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் ரகசியம் ஒன்றுமில்லை: பாகங்களிடையே தாராளமான இடைவெளி, பனியைத் தள்ளிவிடும் முரட்டுப் போல்ட்.

நீங்கள் கெடுக்காமல் இருந்தால் போதும். போல்ட்டுக்குள் கெட்டியான எண்ணெய் பூசாதீர்கள். குளிரில் அது மெழுகாகி, ஊசி மெதுவாகப் போய்க் கேப்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். வெளியிலிருந்து ரைபிளைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் வியர்க்கும். அந்த ஈரத்தோடு மறுபடி வெளியே போனால் உறைந்துவிடும். உறைக்குள் வைத்தபடியே உள்ளே கொண்டுவந்து, மெல்லச் சூடேற விடுங்கள். பிறகு துடைத்துப் பூட்டி வையுங்கள்.

ஒன்டாரியோவில் என்னென்ன அனுமதி வேண்டும்?

துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி, அதன்மேல் துப்பாக்கி உரிமம், வேட்டைக் கல்விப் பயிற்சி, அவுட்டோர்ஸ் கார்டு என்ற வேட்டைக்காரர் அடையாள அட்டை, மானுக்கான அனுமதிச் சீட்டு. துப்பாக்கி வேட்டைக் காலத்தில் தொப்பியும், இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறமும் கட்டாயம். போல்ட் வகைக்குப் பத்துத் தோட்டா மேகசின் பிரச்சினை இல்லை. தெற்கே சில பகுதிகளில் மானுக்கு ரைபிளே கூடாது, ஷாட்கன்தான். நீங்கள் போகும் பகுதியின் எண்ணை அந்த ஆண்டு விதிப்புத்தகத்தில் பாருங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

ஊருக்குப் போகும்போது நீலகிரியில் ஒரு நாள்...?

முடியாது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்ற பேச்சே இல்லை. 303 பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட குழல் அளவு. அதனால்தான் இஷாப்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை .315 என்று வேறு அளவில் செய்து விற்றது.

நீலகிரிக்கும் 303-க்கும் வேறு உறவு ஒன்று இருக்கிறது. இந்தத் தோட்டாவை உந்திய புகையில்லா மருந்துக்குக் கார்டைட் என்று பெயர். கயிற்றுத் துண்டுகள் போல் இருக்கும். அதைச் செய்வதற்கென்றே 1900-களின் தொடக்கத்தில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் தொழிற்சாலை வைத்தார்கள். ஊட்டி ரயிலில் போனவர்கள் அந்த நிலையத்தைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள்.

ரைபிளோடு கூரான ஆணி போல ஒரு பயோனெட்டும் கொடுத்தார்கள். அதை என்ன செய்வது?

நம்பர் 4-க்கு உரியது. வெட்டாது, சீவாது, குத்த மட்டும் தெரியும். ரைபிளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போனால் ஒவ்வொரு கிளையிலும் மாட்டும், குறியும் மாறும். என்னுடையது கூடாரக் கயிற்றுக்கு முளையாக இருக்கிறது. உறைந்த மண்ணில் அதைப்போல் இறங்குவது வேறொன்றுமில்லை.